ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

மேஜைக்குப் பின்னால் விழுந்த சார்ஜரை எடுக்கக் குனிந்தபோது, நாற்காலியின் முதுகில் கிடந்த துவர்த்தில் என் கை பட்டது. குளித்துவிட்டுத் தலை துவட்டிப் போட்ட துவர்த்து. ஒரு பாதி மொரமொரவென்று காய்ந்திருந்தது. மறுபாதியைப் பிழிந்தால் தண்ணீர் வரும். காய்ந்தது எந்தப் பாதி என்று பார்த்தேன். கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து சூடான காற்று வந்து படுகிற பாதி.

குலசேகரத்தில் இடவப்பாதிப் பருவமழை பிடித்துவிட்டால் வீட்டுக்குள் ஒரு துணி காயாது. உப்பு கசியும், தீப்பெட்டி நமுத்துப்போகும், பைபிளின் தாள்கள்கூட ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட மழையில் அரைத் துவர்த்து காய்ந்திருக்கிறது. சார்ஜரை அங்கேயே விட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடினேன்.

ஓடியதற்குக் காரணம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரங்கள் உண்டு. அப்பா காலமான பிறகு அம்மாதான் அதைப் பார்த்துக்கொள்கிறாள். மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிடுவதால் மழையிலும் பால்வெட்டு நிற்பதில்லை. பாலை டிரேயில் ஊற்றி, ஆசிட் கலந்து உறையவைத்து, ரோலரில் கொடுத்து அழுத்தினால் வெள்ளை ஷீட் வரும். அந்த ஷீட்டைப் புகைப்புரையில் தொங்கவிட வேண்டும். அடியில் விறகு புகைந்துகொண்டிருக்கும் சின்ன மண்சுவர்க் கொட்டகைதான் புகைப்புரை. அங்கே சில நாள் கிடந்து தேன் நிறத்துக்கு வந்தால் கடைக்குக் கொண்டுபோகலாம். ஈரமாகவே விட்டால் பூசணம் பூத்துவிடும், கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தப் புகைப்புரையின் சுவர் முந்தின வாரம் மழையில் சரிந்திருந்தது. மழை விடாமல் சுவரில் கை வைக்க முடியாது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். ஒழுகாத, ஷீட் தொங்கவிடத் தோதான அறை என்று வீட்டில் இருந்தது ஒன்றுதான், தோஹாவில் வேலை பார்க்கும் அண்ணனுடைய அறை. ஏசி வாங்கப்போகிறேன் என்று கனமான வயர் இழுத்து பிளக் பாயிண்ட் வைத்துவிட்டு, ஏசி வாங்காமலே போய்விட்டான். அந்த பிளக்கில் என் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காலம் முடியும்வரை அதை அணைத்து, சாக்கு போட்டு மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும் என்பது அம்மாவின் தீர்ப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அறை காலியாக வேண்டும்.

அம்மா மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். ஷீட்டும் இருக்கட்டும், கம்ப்யூட்டரும் இருக்கட்டும், கம்ப்யூட்டரே ஷீட்டைக் காயவைக்கும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"மக்களே, காலம்பற வல்லதும் தின்னியா?" என்றாள். பசியில் உளறுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்பது அம்மாவுக்குப் பாதி தெரியும். உலகத்தில் எங்கோ இருக்கிற ஆராய்ச்சிக்காரர்களிடம் பெரிய பெரிய கணக்குகள் இருக்கின்றன. ஒரு புரதம் உடம்புக்குள் எப்படி மடங்குகிறது, எங்கே பிசகினால் நோயாகிறது என்கிற மாதிரிக் கணக்குகள். அவர்களிடம் இருக்கும் கம்ப்யூட்டர்கள் போதாது. அதனால் கணக்கைத் துண்டு துண்டாக்கி, விருப்பப்பட்டுக் கேட்கிறவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். நம் கம்ப்யூட்டர் ஒரு துண்டை வாங்கிப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்பும், அடுத்ததை வாங்கும். சம்பளம் கிடையாது. ஒரு பட்டியலில் பாயிண்ட் ஏறும், அவ்வளவுதான். கல்லூரி விடுதியில் இருந்த நாளிலேயே எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்துவிட்டது. நான் தூங்கும்போதும் என் மேஜையில் ஒரு வேலை நடக்கிறது என்கிற நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. இப்போது திருவனந்தபுரத்து அலுவலகம் ஒன்றுக்கு, அவர்கள் தந்த லேப்டாப்பில், வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அந்த வேலை எட்டுமணி நேரத்தில் முடிந்துவிடும். இது முடிவதில்லை.

அம்மா இதைச் சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்தில், மகள் மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று சுருக்கிச் சொல்லிவைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு ஆச்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம் முட்டுவலிக்கு ஏதாவது வந்துவிட்டதா என்று விசாரிக்கிறார்.

விடுதியில் இந்தக் கிறுக்கு இன்னொருத்திக்கும் உண்டு. என் அறைத்தோழி. குளச்சல் பக்கம் கடற்கரைக்காரி, அவளுடைய அப்பாவும் மாமன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இப்போது இரணியல் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறாள். அங்கே இருப்பதெல்லாம் பழைய மெஷின்கள். வகுப்பு இல்லாத நேரத்தில் அவற்றில் இந்தக் கணக்குகளை ஓடவிட முதலாளியிடம் அனுமதி வாங்கியிருக்கிறாள். அதில் எதிலும் கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. வெறும் பிராசஸர்.

போன விடுமுறைக்கு அண்ணன் எனக்குப் புத்தம்புதுக் கார்டு ஒன்றைப் பெட்டியில் இரண்டு கம்பளிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தான். நான் கேம் விளையாடப்போகிறேன் என்று நினைத்திருந்தான். கார்டு வந்த நாளிலிருந்து எனக்கும் தோழிக்கும் வழக்குதான். என் பிராசஸர் நாள்கணக்கில் உருட்டிக்கொண்டிருந்த புரதத் துண்டைக் கார்டு ஒரு மத்தியானத்தில் முடித்துப்போட்டது. நான் திரையைப் படம்பிடித்து அவளுக்கு அனுப்பி, உன் மெஷின்களை ஆக்கர்கடையில் பழைய இரும்போடு போட்டுவிடு என்று எழுதினேன். உடனே போனில் கூப்பிட்டாள்.

"ஏட்டி, கரைமடி இழுக்கதப் பாத்திருக்கியா? வலைக்கு ரெண்டு பக்கமும் கயித்தப் பிடிச்சு ஊரே இழுக்கும். எல்லாருக்கும் ஒரே வேல. எவ்வளவு கை உண்டோ அவ்வளவு வெரசலா மடி கரைக்கு வரும். ஒன் கார்டு அதுதான். ஆனா வள்ளத்துல அமரம் பிடிச்சுத் திருப்பதுக்கு ஒருத்தன் போதும். ஊரே அமரத்தப் பிடிச்சா வள்ளம் கமந்துரும், கேட்டியா?"

அவள் சொன்னது சரி. கார்டுக்குள் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னக் கைகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வேலையைச் செய்யும். புரதத்தின் அணுக்கள் ஒவ்வொன்றையும் தள்ளிப் பார்க்கிற கணக்குக்கு அது ஏற்றது. பிராசஸரில் கைகள், அதாவது கோர்கள், குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் எந்த வேலையையும் செய்யும், வழியில் யோசித்துத் திரும்பும். அவள் விரும்பி ஓடவிட்டது மழையையும் காற்றையும் கணிக்கும் ஒரு திட்டத்தை. இந்த நாளின் கணக்கு முடிந்தால்தான் அடுத்த நாளின் கணக்கைத் தொடமுடியும். அதன் நிரல் பிராசஸருக்கென்றே எழுதப்பட்டது, கார்டு இருப்பதையே கண்டுகொள்ளாது. கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவள் காற்றின் கணக்கை விட்டுவிட்டுப் பாயிண்டுக்காக வேறொன்றுக்குத் தாவமாட்டாள். எனக்குப் பாயிண்டும் வேண்டும், புரதமும் வேண்டும், எல்லாம் இன்றைக்கே வேண்டும்.

அறை விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அம்மாவை ஒப்புக்கொள்ளவைத்துவிட்டேன். முதலில் நாலைந்து ஷீட்டை மட்டும் தொங்கவிடுவது. பூசணம் பூத்தால் கம்ப்யூட்டர் சாக்குக்குள் போகும். காய்ந்தால் மழைக்காலம் முழுக்க இரண்டும் சேர்ந்திருக்கலாம். அம்மா ஷீட்டின் மூலையைக் கிள்ளிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவாள், அதற்குமேல் நான் பேசக்கூடாது.

சுவரிலிருந்து சுவருக்கு மூங்கில் கட்டினேன். சூடு வெளியே போகக்கூடாது என்று ஜன்னலை அடைத்தேன். கார்டோடு பிராசஸரையும் முழுவீச்சில் ஓடவிட்டேன், கூடுதல் சூடு கிடைக்குமே. இரண்டுமே தப்பு. மறுநாள் அறை இட்லிச்சட்டி மாதிரி இருந்தது. ஷீட்டின் ஈரம் போக வழியில்லாமல் ஜன்னல் கண்ணாடியில் வழிந்தது. கார்டோ எப்போதும் இல்லாத மந்தம். காரணம் தேட ஒரு காலைப்பொழுது ஆனது. ஆயிரம் கைக்கும் வேலையை எடுத்துக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் பிராசஸர். நான் அதன் எல்லாக் கோர்களுக்கும் சொந்த வேலை கொடுத்துவிட்டதால் கார்டு வேலையின்றிக் காத்துக் கிடந்திருக்கிறது. ஒரு கோரைச் சும்மா விட்டதும் கார்டு சீறிக்கொண்டு எழுந்தது. ஜன்னலின் மேல்கதவைத் திறந்ததும் கண்ணாடியில் வழிந்த ஈரம் நின்றது.

தோழிக்குச் சொன்னபோது போனிலேயே சிரித்தாள். "அம்மைக்கு வேண்டியது சூடுன்னா எங்க சென்டர் மெஷின மொத்தமா ஏத்தி விடட்டா? அதுகளுக்கு வேல கொறச்சலு, சூடு கூடுதலு."

வேடிக்கைக்குச் சொன்னாலும் அது உண்மை. ஒரே அளவு கரண்டைத் தின்றுவிட்டுப் பழைய பிராசஸர் கொஞ்சம் கணக்குப் போடும், கார்டு மலைமலையாகப் போடும். இரண்டும் தரும் சூடு ஒன்றுதான். அந்தச் சூட்டை வீண் என்று எழுதாத கட்டுரையை நான் படித்ததில்லை. எங்கள் வீட்டில் அதற்கும் ஒரு வேலை கிடைத்திருந்தது.

ஷீட் காய்ந்தது. புகை படாததால் தேன் நிறம் வரவில்லை, வெளிறின மஞ்சளில் நின்றது. ஆனால் பூசணம் இல்லை. அம்மா மூலையைக் கிள்ளினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். போய் இன்னும் ஒரு கட்டு ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தீர்ப்பு அதுதான். அடுத்த நாளிலிருந்து அறை நிறைந்துவிட்டது. நான் குனிந்து, ஷீட்டுகளை ஒதுக்கி, மேஜைக்குப் போக வேண்டியிருந்தது. அலுவலக மீட்டிங்கில் என் பின்னால் வரிசையாகத் தொங்குவது என்ன என்று மேலதிகாரி கேட்டார். திரைச்சீலை என்று சொன்னேன்.

அந்த நாட்களில் எங்களுக்குள் புது ஒற்றுமை. கரண்ட் போனால் என்னைவிட அம்மாதான் முதலில் முணுமுணுப்பாள். காலையில் பால் எடுக்கப் போகும்முன் அறைக்குள் தலையை நீட்டி, அது ஓடுதா என்று கேட்பாள். ஓடுது என்றால்தான் டிரேயைக் கழுவுவாள். மழை வலுத்தபோது பால் சீக்கிரம் உறையட்டும் என்று ஆசிட்டைக் கொஞ்சம் தாராளமாக விட்டாள். இங்கே எல்லாரும் மழையில் அப்படித்தான் செய்கிறார்கள். ரோலரிலிருந்து வந்த ஷீட்டை வெளியே தொங்கவிட்டு நீர் வடியவிட வேண்டும். அதற்கும் பொறுமையில்லாமல் நான் நேராக அறைக்குள் கொண்டுவந்தேன், சூடு இருக்கிறதே, எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று. அறையில் மூக்கைச் சுள்ளென்று குத்துகிற வாடை இருந்தது. ரப்பர் வீட்டில் வளர்ந்தவளுக்கு அது வாடையே இல்லை. வேறு ஊர்க்காரி யாராவது அந்த அறைக்குள் வந்திருந்தால் முதல் நாளே மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டிருப்பாள்.

முதலில் தெரிந்தது பாயிண்ட் பட்டியலில். ஏறிக்கொண்டிருந்தது நின்றது. நான் அனுப்பிய விடைகள் செல்லாது என்று திரும்பின. சில திட்டங்களில் ஒரே துண்டை இரண்டு பேருக்குக் கொடுத்து, இரண்டு விடையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முகம் தெரியாத இன்னொருவரின் விடை சரியாக இருந்தது, என்னுடையது தப்பு. ஒன்று என்றால் போகட்டும். தொடர்ந்து வந்தது. டிரைவர் மென்பொருளை மாற்றினேன். கார்டின் வேகத்தைக் குறைத்தேன். மூன்றாவது முறையும் செல்லாது என்று வந்ததும் தோழியைக் கூப்பிட்டேன். அடுத்த துண்டு சரியாகிவிடலாம், ஓடவிட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "தப்பான வெடைய அனுப்பதுக்கு அனுப்பாமலே இரி. ஒப்பிட்டுப் பாக்க ஆளு இல்லாத துண்டு ஒண்ணு ஒன் கையில கிட்டினா என்ன செய்வ? அந்தத் தப்பு மேல அவங்க அடுத்த கணக்க வைப்பாங்க. அணைச்சுட்டுத் தொறந்து பாரு."

அணைத்தேன். கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கார்டின் வெப்பத்தைக் கடத்துகிற செம்புக் குழாய்கள் புதிதில் புத்தாண்டுக்குத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி மின்னியவை. இப்போது பச்சைக் களிம்பு. புளி போட்டுத் தேய்க்காமல் மூலையில் போட்ட செம்புப்பானையில் ஏறுகிற அதே பச்சை. விசிறி ஒன்று விரலால் தள்ளினால்கூடச் சரியாகச் சுற்றவில்லை. ஷீட்டிலிருந்து கிளம்பிய ஆசிட் ஆவியைக் கார்டின் விசிறிகளே உறிஞ்சித் தம் செம்புமேல் ஊதிக்கொண்டிருந்திருக்கின்றன. வெப்பம் இறங்க வழியில்லாமல் ஏறி, ஏறிய வெப்பத்தில் கணக்குப் பிசகியிருக்கிறது. நான் கதவைத் திறந்துவைத்து, விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி அந்த ஆவியைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறேன்.

அம்மா வாசலில் நின்று பார்த்தாள். களிம்பைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது, நான் விளக்கத் தேவையிருக்கவில்லை. கார்டு போய்விட்டதா என்று கேட்டாள். தெரியாது என்றேன். எதுவானாலும் அறை எனக்கு வேண்டும், கொத்தனார் வரும்வரை விறகுக் கணப்பைச் சட்டியில் வைத்துச் சமாளிக்கிறேன், கம்ப்யூட்டரை முன்னறைக்குக் கொண்டுபோ என்றாள். சாக்கு என்ற பேச்சை எடுக்கவில்லை. ஆனால் முன்னறையில் இருப்பது டிவிக்கான சின்ன பிளக். கார்டு இருந்தாலும் அதைத் தாங்கும் வயர் அங்கே கிடையாது.

கார்டு இல்லாத அந்தக் கம்ப்யூட்டரை முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். பிராசஸர் மட்டும் இருந்தது. நான் ஆக்கர்கடைக்கு அனுப்பச் சொன்ன வகை. பாயிண்ட் வேண்டாம் என்று முடிவுசெய்து தோழியின் திட்டத்தில் சேர்ந்தேன். மழையின் கணக்கு ஒன்று வந்தது. முடிய வாரக்கணக்காகும் என்று திரையில் காட்டியது. நாள்முழுக்க ஓடியும் கோடு மயிரிழை அளவுதான் நகர்ந்தது. கார்டின் வேகத்துக்குப் பழகிய எனக்கு அது முதலில் நோவாகத்தான் இருந்தது. எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பேன். ஆனால் கரண்ட் போய் வந்தாலும் அது தடுமாறவில்லை, விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது. அதன் சூடு ஒரு கைக்குட்டையைக்கூடக் காயவைக்காது.

ஒருநாள் டிவிக்கு முன்னால் சோறு தின்றுகொண்டிருந்தபோது சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து அம்மா மூங்கிலை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அண்ணனின் அறைக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரே சுவர். அம்மாவின் ஷீட்டுக்குக் கார்டு தேவையில்லை, அதன் சூடு போதும். கார்டுக்கு ஷீட் தேவையே இல்லை, அண்ணனின் ஏசி பிளக் போதும். சுவரில் ஒரு துளை போட்டால் இந்தப் பக்கம் கார்டு, அந்தப் பக்கம் ஷீட். பிளக்கின் வயர் இங்கே வரட்டும், சூடான காற்று அங்கே போகட்டும். காற்று ஒரு திசையில்தான் போகவேண்டும். திரும்பி வந்தால் பழைய கதை.

அம்மாவிடம் சொன்னேன். வீட்டுச் சுவரை உடைப்பதா என்று ஒருமுறை கேட்டாள். பிறகு துளையை மூங்கிலின் உயரத்துக்கு மேலே போடக்கூடாது, சூடு தானாக மேலே போகும், கீழேயிருந்து வந்தால்தான் ஷீட்டுக்கு நல்லது என்று தன் பக்கத்து நிபந்தனையைச் சொன்னாள். அதோடு ஆசிட்டை அளந்து விடுவதற்கும், ஷீட்டை வெளியே நீர் வடியவிடுவதற்கும் சம்மதித்தாள். நீர் வடியாத ஷீட் அந்த அறைக்குள் நுழையாது. அதை நான் தூக்கிவந்தாலும் அம்மா தடுப்பாள்.

தோழி ஞாயிறு மத்தியானம் பஸ்ஸில் வந்தாள், கையில் மீன்குழம்புப் பாத்திரத்தோடு. இரண்டு பேரும் முன்னறைத் தரையில் உட்கார்ந்து கார்டைப் பிரித்தோம். களிம்பை மெல்லத் துடைத்தோம். போன விசிறிக்குப் பதில் வேறொன்று தேடிக்கொண்டுவந்திருந்தாள். எனக்கு உடனே மாட்டி ஓடவிட வேண்டும் என்று கை பரபரத்தது. அவள் ஸ்க்ரூடிரைவரை என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள்.

மழை இன்னும் விடவில்லை, புகைப்புரைச் சுவர் அப்படியேதான் கிடக்கிறது; ஆனால் வீட்டுக்குள் துளை போடக் கொத்தனார் இந்த வாரம் வருகிறார். துளை போட்டதும் பி.வி.சி. குழாயும், காற்றை அந்தப் பக்கம் தள்ளுகிற சின்ன எக்ஸாஸ்ட் விசிறியும். முதலில் கார்டை மாட்டப்போவதில்லை. பளபளவென்று தேய்த்த செம்புக்கம்பி இரண்டு துண்டு, ஒன்று ஷீட்டுக்கு நடுவே, ஒன்று இந்தப் பக்கம் கார்டு இருக்கப்போகும் இடத்தில், தொங்கவிடப்போகிறோம். அந்தப் பக்கத்துக் கம்பி பச்சையாகலாம். இந்தப் பக்கத்துக் கம்பியில் ஒரு பொட்டுப் பச்சை தெரிந்தாலும் குழாயைப் பிரித்து மறுபடி தொடங்க வேண்டும். தெரியாவிட்டால் கார்டை மாட்டி, விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளை மட்டும் கொடுத்துப் பார்ப்பேன். அவை எல்லாம் சரியாக வந்த பிறகுதான் வெளியிலிருந்து ஒரு புரதத் துண்டை வாங்குவேன். மழைக் கணக்கு அதுவரை பிராசஸரில் ஓடட்டும். கார்டு திரும்பினாலும் அதை நிறுத்தப்போவதில்லை, கார்டுக்கென்று ஒரு கோரை மட்டும் ஒதுக்கிவைத்தால் போதும்.